வார்டைவிட்டு வெளியேறிய பின் யார் பொறுப்பு?
கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் முதியோர் வீடு திரும்பும் பாதை: ஓர் ஆய்வு

மருத்துவமனையில் கிடந்து தேறிய முதியவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, அவர் உடல்நிலைக்கு யார் பொறுப்பு? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பல நாடுகளில் பலவிதமாகப் பதில் சொல்லி வருகிறார்கள். லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியின் கடைசி நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட செவிலியர் மேரி ராபின்சனை, 1859-இல் நகரத்து ஏழை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். இங்கிலாந்தின் மாவட்டச் செவிலியர் முறை அதிலிருந்து வளர்ந்தது. 1935 முதல் லண்டனுக்கு அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன், படுக்கையிலேயே விடப்பட்டிருந்த முதியவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, எழுப்பி நடக்கவைத்து, பலரை வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார். முதியோர் மருத்துவம் என்ற துறை அந்த வேலையின்மேல் நிற்கிறது.

தமிழ்நாடும் இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ. செ. நடராசன் 1978-இல் முதியோருக்கென்றே புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1988-இல் அது உள்நோயாளிப் பிரிவாக வளர்ந்தது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவப் பட்டமேற்படிப்பு வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவை எல்லாமே மருத்துவமனைச் சுவருக்குள் நடந்த முன்னேற்றங்கள். வாசலைத் தாண்டிய முதியவரைப் பற்றிய சிந்தனை இவற்றின் வேகத்துக்கு வளரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031-இல் இந்தப் பங்கு 18 சதவீதத்தைத் தாண்டும் என்று அரசின் மக்கள்தொகைக் கணிப்புகள் சொல்கின்றன. ஆகவே வாசலுக்கு வெளியே நடப்பதைத் தள்ளிப்போட இனி இடமில்லை. இதுவரை சொல்லப்பட்ட விடைகளை, அவற்றுக்கு மிகக் கடினமான ஓரிடத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மருத்துவமனையும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12 அன்று. அதே நாளில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட பதினோரு கல்லூரிகளில் அதுவும் ஒன்று. மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. கோமுகி அணையையும் கச்சிராயபாளையத்தையும் தாண்டி ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை என்று ஊர்கள் வருகின்றன. சாலையிலிருந்து விலகி, ஓடைகளுக்கும் மேடுகளுக்கும் அப்பால் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய் ஆகியவை அவர்களுடைய பிழைப்பு. அது போதாத மாதங்களில் இளையவர்கள் கர்நாடகத்துக் காபித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இந்த மலை, 1976-இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்தின்கீழ் வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் தாமதமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, மருத்துவ வசதிகளைப் பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. அந்தத் துயரத்தின்போது இன்னொன்றும் கண்ணுக்குப் பட்டது. கள்ளக்குறிச்சியில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டார்கள். நோய் கடுமையானால் இந்த மாவட்டத்து நோயாளி போகும் வழி எப்போதுமே இதுதான். போகும் வழி மூன்று திசையில் பிரிவதால், திரும்பும் வழியும் மூன்று திசையிலிருந்து வந்து சேர வேண்டியிருக்கிறது.

இடைவெளி எங்கே விழுகிறது

பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோன ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். வார்டில் பத்து நாள் இருந்து, உயிருக்கு ஆபத்து நீங்கி, டிஸ்சார்ஜ் ஆகிறார். பெரும்பாலும் அது பிற்பகலாகத்தான் இருக்கும். காலையில் மருத்துவர் சுற்று முடிந்து, அட்டை எழுதி, மருந்து வாங்கி முடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. மகன் திருப்பூரில் இருப்பதால் கையெழுத்துப் போடுவது மருமகளோ பேரனோ. கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஸ்கேன் படம், மருந்துச் சீட்டு, வெட்டித் தந்த மாத்திரை அட்டைகள். சீட்டில் ஆங்கிலத்தில் மருந்தின் பெயரும் பக்கத்தில் 1-0-1 என்ற எண்களும் இருக்கும். மூக்கில் உணவுக் குழாய், கீழே சிறுநீர்க் குழாயும் பையும். உணவுக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும், சிறுநீர்க் குழாயை எத்தனை வாரத்தில் மாற்ற வேண்டும், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதையெல்லாம் செவிலியர் சொல்லியிருப்பார். அவர் சொல்வது அவசரத்தில். அடுத்த நோயாளி அந்தப் படுக்கைக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த ஒரு பையில் நான்கு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது மருந்துக் குழப்பம். அரசு மருத்துவமனை மாத்திரைகள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்பும் பொதுப்பெயர் மருந்துகள். வீட்டில் ஏற்கெனவே வேறு பெயரில், வேறு நிறத்தில், அதே இரத்த அழுத்த மாத்திரை கிடக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கும் முதியவர்கள் எந்த ஊரிலும் உண்டு. இரண்டாவது, குழாய்களை மாற்ற ஆள் இல்லாமை. மூன்றாவது, அசையாமல் கிடப்பதால் வரும் புண்ணும் நெஞ்சுச் சளியும். நான்காவது, எந்த அறிகுறி கண்டால் திரும்பி வர வேண்டும் என்பது தெரியாமல் இருப்பது.

இவை கல்வராயனுக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 400 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை சார்ந்த தீங்கு நேர்ந்திருந்தது. அதில் பெரும்பகுதி மருந்து சார்ந்தது. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில் இருந்த முதியோரில், வீடு திரும்பிய ஐந்து பேரில் ஒருவர் 30 நாட்களுக்குள் மறுபடி படுக்கைக்கு வந்ததாக 2009-இல் கணக்கிட்டார்கள். மருத்துவமனையின் தூக்கமின்மை, பட்டினி, படுத்தே கிடத்தல், மனக்குழப்பம் ஆகியவை சேர்ந்து, வீடு திரும்பிய முதல் வாரங்களில் எந்த நோய்க்கும் எளிதில் ஆளாகும் நிலையை உண்டாக்குகின்றன என்று இதய மருத்துவர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013-இல் எழுதினார். வந்த நோய்க்கான சிகிச்சை முடிந்த நாளில் உடல் முழுவதும் தேறிவிடுவதில்லை என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

குடும்பமே போதும் என்ற விடை

பழைய விடையும், இன்றும் நடைமுறையில் உள்ள விடையும் இதுதான். மருத்துவமனை நோயைப் பார்க்கும், வீடு ஆளைப் பார்க்கும். 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இந்தப் பொறுப்பைச் சட்டக் கடமையாகவே ஆக்கியது. இதன் வலுவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தமிழ்நாட்டு அரசு வார்டுகளில் உடன் இருக்கும் உறவினர் செய்யும் வேலையை எடுத்துவிட்டால் வார்டே நின்றுபோகும். அந்த உறவினருக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் பலர். பெங்களூரில் தொடங்கிய நூரா ஹெல்த் அமைப்பு, பல மாநில மருத்துவமனைகளில் குடும்பத்தாருக்கு வார்டிலேயே வகுப்பு நடத்தி வருகிறது.

ஆனால் இந்தக் கருத்தை இந்தியாவில் கண்டிப்பாகச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு தந்த விடை எல்லோரையும் நிதானிக்க வைத்தது. பக்கவாத நோயாளிகளுக்குக் குடும்பத்தினரே இயன்முறைப் பயிற்சி கொடுக்கும் முறையை 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் சோதித்த 'அட்டெண்ட்' ஆய்வு 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. வார்டில் கற்றுக்கொடுத்தார்கள், வீட்டுக்குப் போயும் தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் பயிற்சி பெற்ற பிரிவில் 47 சதவீதம், பெறாத பிரிவிலும் 47 சதவீதம். குடும்பத்தின் அன்பு பயனற்றது என்று இதைப் படிக்கக் கூடாது. திறமையுள்ள கையால் செய்ய வேண்டிய வேலையை அன்பின் தலையில் கட்டினால் பலன் வராது என்று படிப்பதுதான் நியாயம்.

கல்வராயனில் இந்த விடைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. குடும்பம் என்று நாம் சொல்லும்போது மனத்தில் வரும் மகன், அறுவடை முடிந்த மாதங்களில் ஊரிலேயே இருப்பதில்லை. மிஞ்சுவது மருமகள். அவளும் நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும், விறகு கொண்டுவர வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். கவனிப்புக்குச் செலவாகும் நாட்கூலியை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. முதியோர் உதவித்தொகையாக மாநில அரசு 2023-இல் உயர்த்திக் கொடுக்கும் மாதம் 1,200 ரூபாய் முதியவருக்கானது. அவரைப் புரட்டிப் படுக்க வைப்பவருக்கானது அல்ல.

துணைக்கு வரும் செவிலியர்

இரண்டாவது விடை, இரண்டு இடத்துக்கும் பொதுவான ஓர் ஆளை நியமிப்பது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேரி நெய்லர் வகுத்த முறையில், பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் நோயாளியை வார்டிலேயே சந்திக்கிறார். வீடு திரும்பிய பின் அதே செவிலியர் வீட்டுக்குப் போகிறார், தொலைபேசியில் பேசுகிறார், மருத்துவரோடும் பேசுகிறார். 1999-இல் வெளியான அவருடைய ஆய்வில், 24 வாரங்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டவர்கள் வழக்கமான பிரிவில் 37 சதவீதமாகவும் செவிலியர் துணை பெற்ற பிரிவில் 20 சதவீதமாகவும் இருந்தார்கள். கொலராடோவில் எரிக் கோல்மன் இதைச் சற்று எளிமையாக்கினார். மருந்தைத் தானே நிர்வகித்தல், தன் நோய்க் குறிப்பைத் தன் கையில் வைத்திருத்தல், குறித்த நாளில் மருத்துவரைப் பார்த்தல், அபாய அறிகுறிகளை அறிதல் ஆகிய நான்கையும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் பழக்கினார். 2006-இல் வெளியான அவருடைய முடிவில், 30 நாள் மறு அனுமதி 11.9 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்தது.

இத்துறையில் மிகவும் நம்பத்தக்க சான்றுகள் இவைதான். ஆனாலும் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் நடந்ததை மறக்கக் கூடாது. அடிக்கடி மருத்துவமனைக்கு வரும், பல நோய்களும் வறுமையும் சேர்ந்த நோயாளிகளுக்கு இப்படியான குழுக்கள் வீடு தேடிப் போய் உதவின. மறு அனுமதி வெகுவாகக் குறைந்ததாக நாடெங்கும் புகழ் பரவியது. பிறகு முறையாகக் குலுக்கல் முறையில் 800 பேரைப் பிரித்துச் சோதித்தபோது, ஆறு மாதத்தில் மறு அனுமதி ஒரு பிரிவில் 62.3 சதவீதம், மறு பிரிவில் 61.7 சதவீதம் என்று 2020-இல் தெரியவந்தது. மிக மோசமான நிலையில் இருக்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் தேறிவிடுகிறார்கள்; முன்பு கண்ட வெற்றியின் பெரும்பகுதி அந்த இயல்பான தேற்றமே. கேம்டனில் பலரும் இன்னொன்றையும் கவனித்தார்கள். செவிலியர் வழிகாட்டி அழைத்துச் செல்லும் இடத்தில் வீடும் உணவும் மருத்துவரும் இல்லையென்றால், வழிகாட்டி மட்டும் என்ன செய்வார்? கல்வராயனுக்கு நேராகப் பொருந்தும் கேள்வி இது. நெய்லரின் நோயாளிக்கு ஃபிலடெல்ஃபியாவில் குடும்ப மருத்துவரும் மருந்துக்கடையும் தொலைபேசியும் இருந்தன. செவிலியர் செய்தது இருந்தவற்றை இணைத்தது.

தண்டனையும் அளவுகோலும்

மூன்றாவது விடையை அமெரிக்க அரசு முயன்று பார்த்தது. 2012 அக்டோபர் முதல், நோயாளிகள் 30 நாளில் அதிகமாகத் திரும்பி வரும் மருத்துவமனைகளுக்கு மெடிகேர் தரும் பணத்தைக் குறைத்தார்கள். மறு அனுமதி குறைந்தது. ஆனால் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடையே, வீடு திரும்பிய பின் இறப்பு கூடியதாக 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதை மறுத்தவர்களும் உண்டு. விவாதம் இன்னும் தீரவில்லை.

நமக்கு இதிலுள்ள பாடம் தண்டனையைப் பற்றியது என்பதைவிட, அளவுகோலைப் பற்றியது. மறு அனுமதி குறைவாக இருந்தால் நல்லது என்ற எண்ணம், நோயாளி விரும்பினால் திரும்பி வர முடியும் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. மழைக்காலத்தில் ஓடை பெருக்கெடுத்த குக்கிராமத்திலிருந்து, தொட்டில் கட்டித்தான் நோயாளியைச் சாலைவரை தூக்கிவர வேண்டும் என்றால், அவர் திரும்பி வராதது நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. வீட்டிலேயே புண் பழுத்து இறந்துபோயிருக்கலாம். மறு அனுமதிக் கணக்கு அவரை வெற்றியாகப் பதிவு செய்துவிடும். வெளிநாட்டுத் திட்டங்களை இங்கே கொண்டுவரும்போது அவற்றின் அளவுகோலையும் அப்படியே கொண்டுவருவது, என் கருத்தில், இத்துறையின் மிகப் பெரிய தவறு. முப்பதாவது நாளில் அவர் உயிரோடு இருக்கிறாரா, எழுந்து உட்காருகிறாரா, மருந்து சரியாகச் சாப்பிடுகிறாரா, புண் இருக்கிறதா என்று யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதுவதுதான் இங்கே பொருத்தமான அளவு.

காப்பீடும் கிட்டத்தட்ட இதே குறையோடுதான் இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடும், 2024 அக்டோபர் முதல் எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் திட்டமும், படுக்கையில் இருக்கும் நாட்களுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. ஆயுஷ்மான் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவும் அடங்கும் என்பது உண்மை. அது மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் பணம். வீடு தேடி வரும் செவிலியராகத் தானாக மாறுவதில்லை.

வீடு தேடி வரும் மருத்துவம்

தமிழ்நாடு தனக்கென்று உருவாக்கிய விடை 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அளவில் இயன்முறை மருத்துவரும் நோய் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வண்டியில் போகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகளின் தொற்றாநோய்த் தடுப்புக்கான பணிக்குழு இதற்கு விருது அளித்தது. நெய்லரிடம் இருந்த செவிலியரைவிடப் பல மடங்கு பரப்பில், அதே எண்ணத்தை ஓர் ஏழை நாட்டின் மாநிலம் செயல்படுத்தியிருக்கிறது என்பது சாதாரண விஷயமல்ல. நாம் தேடும் விடையின் பெரும்பாதி இதற்குள் ஏற்கெனவே இருக்கிறது.

இருக்கும் குறை, இணைப்பில். தன்னார்வலரின் பட்டியல் ஊரில் பரிசோதனை செய்து உருவாகிறது. டிஸ்சார்ஜ் வார்டில் நடக்கிறது. நேற்று சேலத்திலிருந்து பக்கவாதத்தோடு ஒருவர் ஊர் திரும்பினார் என்ற செய்தி, அவர் வீட்டார் சொன்னாலோ அக்கம்பக்கத்தில் பேச்சு அடிபட்டாலோதான் தன்னார்வலருக்குப் போகிறது. மேலும், மாத்திரை கொண்டுவருவதும் குழாய் மாற்றுவதும் ஒரே திறமை வேண்டும் வேலைகள் அல்ல. சமவெளி வட்டாரத்துக்கும் மலை வட்டாரத்துக்கும் ஒரே செவிலியர் கணக்கு என்றால், பயணத்திலேயே நாள் போய்விடும்.

ஊரே பொறுப்பேற்ற இடங்கள்

கேரளம் வேறு திசையில் போனது. 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சிகிச்சைக்காகத் தொடங்கிய ஒரு சங்கத்திலிருந்து, மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தார் நடத்தும் வலைப்பின்னல் வளர்ந்தது. 2008-இல் மாநில அரசு ஆதரவுச் சிகிச்சைக்கெனக் கொள்கையே வகுத்து, உள்ளாட்சி அமைப்புகள்வழி வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்களை நியமித்தது. படுக்கையில் கிடப்பவர் யார் என்பது பஞ்சாயத்துக்குத் தெரியும் என்பதே இதன் பலம். இதன் வேர் தேறுவதைவிட ஆறுதலில் இருப்பதால், எழுந்து நடக்கக்கூடிய பக்கவாத நோயாளிக்கு இதனால் எவ்வளவு பலன் என்பதில் ஐயம் எழுப்பியவர்கள் உண்டு. எழுத்தறிவும் உள்ளூர்ச் சங்கங்களும் செறிந்த இடத்தில் வளர்ந்த செடி வேறு மண்ணில் பிடிக்குமா என்ற கேள்வியும் நியாயமானது.

அதற்குப் பதிலின் ஒரு பகுதி கல்வராயன் மலைக்கு மேற்கே, தர்மபுரி மாவட்டத்தில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே உள்ள சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1990-களின் தொடக்கத்தில் பழங்குடி நலப் பணியைத் தொடங்கினார்கள். அங்கும் மக்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினரே. ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்து மருத்துவமனைக்குள்ளும் கிராமங்களிலும் பணியாளர்களாக்கினார்கள். நீலகிரி கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பும் ஆதிவாசிப் பெண்களைச் செவிலியராக்கி இதே வழியில் நடந்தது. வார்டில் பார்க்கும் பெண்ணும் ஊரில் பார்க்கும் பெண்ணும் ஒரே மொழி பேசும் உறவுக்காரர்களாக இருக்கும்போது, அனுப்புவதற்கும் ஏற்பதற்கும் நடுவே உள்ள பள்ளம் பெருமளவு தூர்ந்துபோகிறது. இந்த முயற்சிகள் தாய்சேய் நலத்தில் பெயர் பெற்றவை. முதியோரின் வீடு திரும்பலை மனத்தில் வைத்துத் தொடங்கியவை அல்ல. அர்ப்பணிப்புள்ள சிலரைச் சுற்றி வளர்ந்த ஒன்றை அரசு ஊழியத்துக்குள் கொண்டுவருவதும் எளிதல்ல. ஆனாலும் இந்த மலைத்தொடரில், இந்த மக்களிடையே, இது முடியும் என்பதற்குச் சிட்டிலிங்கி சான்று.

கர்ப்பிணிக்குச் செய்ததை முதியவருக்கும்

வெளிநாட்டு மாதிரிகளைத் தேடும்போது நம் வீட்டிலேயே இருக்கும் மாதிரியைக் கவனிக்காமல் விடுகிறோம். தமிழ்நாட்டில் கர்ப்பிணி ஒருவர் பதிவானதும் அவருக்கு 'பிக்மி' எண் வழங்கப்படுகிறது. அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். பிரசவம் முடிந்து தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுபோய் விட 102 வண்டி வருகிறது. வீடு திரும்பிய குறித்த நாட்களில் செவிலியர் வந்து பார்க்கிறார். மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், பிரசவ நாள் நெருங்கும் தாயும் துணைக்கு ஒருவரும் முன்கூட்டியே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறைகளும் அமைக்கப்பட்டன. முகவரி, வண்டி, நாள் குறித்த வீட்டு வருகை, இடையில் தங்க ஓர் அறை. நெய்லரும் கோல்மனும் முதியோருக்குக் கேட்டவற்றில் பெரும்பாலானவை இவை.

முதியவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. மருத்துவமனைக்கு வர 108 உண்டு. அங்கே இறந்துவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு. பிழைத்து, ஒரு பக்கம் விழுந்த உடலோடு மலையேற வேண்டியவருக்கு, தாய்க்கு இருப்பதுபோல் உரிமையாக ஒரு வண்டி இல்லை. வாடகைக் கார் பிடிக்க வேண்டும், அல்லது பேருந்தில் இருவர் நடுவே தாங்கிப்பிடித்துக் கொண்டு போக வேண்டும். இதை ஏழ்மையின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவருக்குத் திட்டமிட்டோம், மற்றவருக்குத் திட்டமிடவில்லை.

இந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. பிரசவம் நாள் தெரிந்து வருவது, பெரும்பாலும் நலமாக முடிவது. முதியவரின் நோய் நாள் சொல்லி வருவதில்லை. பல சமயம் முழுதாகத் தேறுவதுமில்லை. எனவே அதே அமைப்பைப் பெயர் மாற்றி ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. காத்திருப்பு அறையைத் திருப்பிப் போட்டு, டிஸ்சார்ஜுக்குப் பின் ஓரிரு வாரம் மலைமேலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கித் தேறும் இடமாக்கலாம் என்று தோன்றுகிறது. பிரிட்டனில் சிறு சமூக மருத்துவமனைகளில் இப்படிச் செய்கிறார்கள். அங்கே கிடைத்த முடிவுகள் கலவையானவை. மலையில் அதன் கணக்கு வேறாக இருக்கக்கூடும். வீட்டில் கழிப்பறைக்கு வெளியே போக வேண்டிய முதியவருக்கு, கட்டிலும் கைப்பிடியும் உள்ள அறையில் பத்து நாள் என்பது பெரிய வேறுபாடு.

இன்னும் தீராதவை

மேலே கண்ட விடைகளில் எதுவும் முழுமையானது அல்ல. எது உண்மையில் பலன் தருகிறது என்பதைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட கூறுகள் சேரும்போதுதான் பலன் வருகிறது என்பதில் ஆய்வுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. தனியாக ஒரு தொலைபேசி அழைப்போ, தனியாக ஓர் அறிவுரைத் தாளோ பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. எந்தக் கூறுகள், எந்த அளவில் என்பது திறந்த கேள்வி. பெரும்பாலான சான்றுகள் பணக்கார நாட்டு நகரங்களிலிருந்து வந்தவை. இந்திய மலைகளில் நடந்த சோதனைகள் மிகக் குறைவு.

முதியவரின் விருப்பம் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. 'எழுதிக் கொடுத்துவிட்டு' வீட்டுக்குக் கூட்டிப் போவதை மருத்துவர்கள் தோல்வியாகப் பார்ப்பார்கள். தன் வீட்டுத் திண்ணையில், தன் குலதெய்வத்தின் பக்கத்தில் கண் மூட வேண்டும் என்று கேட்கும் முதியவருக்கு அது தோல்வியாகாது. அவருக்கு வேண்டியது வலியில்லாத நாட்கள். அப்படிக் கேட்பவர் யார், கூலி இழப்புக்கு அஞ்சிக் குடும்பத்தார் அவர் பெயரில் கேட்பது எது என்று பிரித்தறிய வார்டில் ஒருவரும் இல்லை. முதியோர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை பற்றி இங்கே தெளிவான நடைமுறை உருவாகவில்லை.

மூன்றாவது, பணியாளர். வீடு தேடிப் போகும் தன்னார்வலர் மதிப்பூதியத்தில் வேலை செய்யும் பெண். ஒவ்வொரு புதிய கடமையும் அவர் தலையில்தான் விழுகிறது. முதியோரின் வீடு திரும்பலையும் அவரிடமே கொடுத்துவிட்டு, ஊதியத்தையும் பயிற்சியையும் உயர்த்தாமல் விட்டால், குடும்பத்துப் பெண்ணின் தோளில் இருந்த சுமையை ஊர்ப் பெண்ணின் தோளுக்கு மாற்றியதாகவே ஆகும்.

இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம் மருத்துவமனைகளில் கல்வராயன் வட்ட முகவரியுள்ள முதியவர் டிஸ்சார்ஜ் ஆகும் நாளுக்கு முன்பே அவர் ஊரின் சுகாதாரச் செவிலியருக்குச் செய்தி போக வேண்டும். மருந்து எப்படிச் சாப்பிடுவது என்று தமிழில், படம் போட்டு, வேளை குறித்து எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும். படுக்கையோடு போகிறவருக்குத் திரும்பும் வண்டி வேண்டும். முதல் வாரத்துக்குள் குழாய் மாற்றத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். முப்பதாம் நாளில் மறுபடி போய்ப் பார்த்து எழுத வேண்டும். இவற்றுக்கான ஆட்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அரசு ஊதியப் பட்டியலிலோ மதிப்பூதியப் பட்டியலிலோ இருக்கிறார்கள். ஒரு வட்டம், பதினைந்து ஊராட்சிகள், அருகிலேயே ஒரு மருத்துவக் கல்லூரி: நேர்மையாகச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் அரிது. மாவட்ட நிர்வாகமும் சிறுவங்கூர்க் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையும் சேர்ந்து இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும்; பலன் இல்லை என்று தெரிந்தாலும் அந்த முடிவை மறைக்காமல் வெளியிட வேண்டும்.